‘படிய’ என்றொரு சொல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, “டொக்டர், பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஏதாவது சொல்லுங்கோ” என்று கேட்டார். நீரிழிவு பற்றியோ மார்பகப் பரிசோதனை பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். சுருட்டைத் தலை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “உங்களுக்கு அது பொருத்தம்தான்” என்றார். என்னை நேரில் பார்க்கிறவர்களுக்குக் காரணம் விளங்கும். மலரில் வாசிக்கப் போகிறவர்கள் என் வகுப்புப் படத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டாம் வரிசையில், பின்னலுக்குள் அடங்காமல் நிற்கிற தலை என்னுடையது.

எங்கள் வீட்டில் இரண்டு சுருட்டைத் தலைகள். ஒன்று அண்ணாவுடையது, மற்றது என்னுடையது. அப்பம்மாவின் வழியில் வந்தவை. அண்ணா கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தூக்கி, “குட்டிக் கிருஷ்ணர்” என்று கொஞ்சுவார்களாம். ஐந்து வருடம் கழித்து அதே தலையோடு நான் பிறந்தேன். பார்க்க வந்த மாமி ஒருவர் என்னைக் கையில் வாங்கிக்கொண்டு, “பொம்பிளைப் பிள்ளைக்கு இப்பிடி வந்திட்டுதே” என்றாராம். நாற்பது நாள் பிள்ளையின் கலியாணக் கவலை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஆண்பிள்ளை என்பதால் அண்ணா தப்பினார் என்று நினைக்காதீர்கள். பதின்னான்கு வயதில் அவருக்கு ‘சாயிபாபா’ என்று பட்டம் வந்தது. அது பரவாயில்லை, அதில் பாசமும் இருந்தது. ஆனால் அவர் படித்த பாடசாலையில் ஒழுங்குக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர், “இது தலையா, பத்தையா?” என்று கேட்டு, மாதத்துக்கு இரண்டு முறை ஒட்ட வெட்ட அனுப்பினார். பக்கத்து வாங்குப் பையனின் முடியும் அதே நீளம்தான். அவனுடையது படுத்திருந்தது, அண்ணாவுடையது எழும்பி நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். சுருட்டைத் தலைக்காரன் முரடன், சொல்வழி கேளாதவன் என்று ஒரு கதை எங்கள் ஊரில் உண்டு. என் அண்ணாவைப் போல அமைதியான மனிதரை நான் கண்டதில்லை. அவர் இன்றைக்கும் கனடாவில் மொட்டைத் தலையோடுதான் இருக்கிறார். அவருடைய மகன் தோள்வரை சுருளாக வளர்த்திருக்கிறான். அண்ணா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

என் தலைக்கு வேறு வைத்தியம். வெள்ளிக்கிழமைகளில் செவ்வரத்தம் இலை அரைத்து வைத்து, சீயாக்காய் போட்டு முழுக வார்ப்பார்கள். அது சுகமான வேலை. காய்ந்த பிறகுதான் துன்பம் தொடங்கும். அம்மா என்னைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருத்தி, காய்ந்த முடியை உச்சியில் இருந்து கீழே இழுத்து வாருவா. 90களின் முற்பகுதி, பொருளாதாரத் தடைக் காலம். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சமையலுக்கே எண்ணெய் அளந்து விட்ட வீட்டில், என் தலையைப் படியவைக்க எண்ணெய் ஒதுக்கியிருந்தா அம்மா. அது அவவின் அன்பு. வாரும்போது, “காப்பிரித் தலை, காப்பிரித் தலை” என்று வாய் முணுமுணுக்கும். அதுவும் அன்போடுதான்.

அந்தச் சொல்லுக்கு உயிருள்ள மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வைத்தியராகி நெடுநாள் கழித்துத்தான் உறைத்தது. புத்தளம் பகுதியில் சிரம்பியடி என்ற ஊர் இருக்கிறது. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவேலைக்கும் அடிமை வேலைக்குமாக ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவந்தவர்களின் சந்ததியினர் அங்கே வாழ்கிறார்கள். போர்த்துக்கேயம் கலந்த தங்கள் பழைய மொழியில் ‘மஞ்சா’ என்ற பாடல்களை இன்னும் பாடுகிறார்கள். இந்த நாட்டுக்குப் பல நூறு வருடங்களாகச் சொந்தமான ஒரு சமூகத்தின் பெயரை நாங்கள் பிள்ளையின் தலையைப் பழிக்கும் சொல்லாக வைத்திருந்தோம். எனக்கு அந்தச் சொல் நொந்தது உண்மை. ஆனால் அதைக் கேட்டு நோக என்னைவிட உரிமை உள்ளவர்கள் சிரம்பியடியில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் எங்கள் பழந்தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு உவமையாக எடுத்தது அறலை. அறல் என்றால் ஆற்றுநீர் ஓடி வரிவரியாக நெளிந்து கிடக்கும் கருமணல். நெளியாத மணலை யாரும் அறல் என்று சொல்வதில்லை. ‘சுரிகுழல்’ என்ற சொல்லும் எங்களிடம் இருக்கிறது. தமிழ் ஆசிரியர்கள் இதை வகுப்பில் விளக்கும்போது நான் அடங்காத பின்னலோடு முன்வாங்கில் இருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். உயர்தரம் படிக்கும்போது நான் மாணவத் தலைவியாக இருந்தேன். காலையில் வாயிலில் நின்று சீருடை, சப்பாத்து, தலை பார்ப்பது எங்கள் கடமை. மாணவர் கைந்நூலில் இருந்த வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘தலைமயிரைப் படிய வாரி இரட்டைப் பின்னல் இட்டு வரவேண்டும்.’ ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. என்னுடையதைவிடச் சுருண்ட தலை. பின்னியிருந்தாள், ரிபன் கட்டியிருந்தாள், ஆனால் முன்பக்கம் முழுவதும் எழும்பி நின்றது. மூன்று நாள் எச்சரித்தேன். நாலாம் நாள் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னலை அவிழ்த்து, நனைத்து, என் சீப்பாலே இழுத்து வாரினேன். முடி அறுகிற சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. வாரி முடிக்கும்வரை பேசாமல் நின்றுவிட்டு, “அக்கா, உங்கட தலையும் இப்பிடித்தானே” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். தலைமைத்துவத்துக்காக எனக்கு அந்த வருடம் பரிசும் கிடைத்தது.

வைத்தியராக இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடி முளைக்கிற குழி தோலுக்குள் நேராக இருந்தால் முடி நேராக வரும், குழி வளைந்திருந்தால் சுருண்டு வரும். அது நோய் இல்லை, ஊட்டக் குறைவும் இல்லை, பிறப்பில் வருவது. தோலில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் நுனிவரை வழிந்துவிடும், சுருளில் அப்படி வழியாது. அதனால்தான் வறள்கிறது, வளைவுகளில் முறிகிறது. காய்ந்த சுருட்டை முடியை வாரக்கூடாது. ஈரமாக இருக்கும்போது, கொஞ்சம் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, விரலாலோ பல் அகன்ற சீப்பாலோ, நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். எங்கள் அம்மாமார் செய்ததற்கு நேர் எதிர். இன்னொன்று, இறுக்கிப் பின்னிக்கொண்டே இருந்தால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி கொட்டும். ஆரம்பத்தில் தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்காக இழுத்தால் அந்தக் குழிகள் தழும்பாகி, பிறகு ஒரு மருந்தும் உதவாது. பாடசாலைப் பிள்ளைகளை இப்படி என் கிளினிக்கில் பார்க்கிறேன்.

நிமிர்த்துகிற வேலை அதைவிடப் பாரதூரமானது. கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு பெண் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்த படத்தில் முடி நேராக இருந்ததாம், அயர்ன் பிடித்து எடுத்த படம். “இனி அப்பிடியே இருக்க வேணும் டொக்டர்” என்று சலூனில் ‘கெரற்றின்’ செய்திருக்கிறார். உச்சந்தலை வெந்து புண்ணாகி, கொத்துக் கொத்தாகக் கழன்றது. மணவறையில் பொய்முடி வைத்து இருந்தார். இந்தப் பூச்சுகள் பலவற்றில் போர்மல்டிகைட் இருக்கிறது, அல்லது சூடாக்கும்போது அது வெளியாகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. போத்தலில் ‘போர்மல்டிகைட் அற்றது’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 2010இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அப்படி எழுதிய பொருளைச் சோதித்தபோது உள்ளே அதுதான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த கிளையொக்சிலிக் அமிலம் உள்ள பூச்சுகளால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 35 முதல் 74 வயதுவரையான 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. நிமிர்த்தும் பூச்சுகளைப் பாவிக்காதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 வீதம். வருடத்தில் நாலு தடவைக்கு மேல் பாவித்தவர்களுக்கு 4.05 வீதம் என்று கணித்தார்கள். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இது நிறுவிவிடவில்லை, அதைச் சொல்வதும் என் கடமை. ஆனால் என் மகள் கேட்டால் வேண்டாம் என்பேன். சலூனில் நாள் முழுவதும் அந்தப் புகைக்குள் நின்று வேலை செய்கிற பிள்ளைகளை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது.

இன்னொரு நோயாளியையும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடி முழுவதும் கொட்டிப்போனவர். ஆசிரியை, ஐம்பது வயதுக்கு மேல். திரும்ப முளைத்தபோது சுருண்டு முளைத்தது. சிலருக்கு அப்படி வரும், பெரும்பாலும் ஒரு வருடத்தில் மாறும். அவரைப் பார்க்க வந்த ஒருவர், “ஐயோ, இனி இதை என்னண்டு நிமிர்த்துறது?” என்று கேட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் கிளினிக்கில் இருந்த தாதிமாரும் எட்டிப் பார்த்தார்கள். “டொக்டர், எனக்கு வந்ததே பெரிசு. வந்தபடி இருக்கட்டும்” என்றார்.

உலகெங்கும் இருக்கும் எங்கள் பழைய மாணவிகளுக்கு ஒரு தகவல். இயற்கையான முடியின் தன்மைக்காக ஒருவரை வேலையிலோ பாடசாலையிலோ ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியா 2019இல் சட்டம் செய்தது. பிரித்தானியாவில் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2022இல் பாடசாலைகளுக்கு இதுபற்றி வழிகாட்டல் வெளியிட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கறுப்பின மக்கள் போராடிப் பெற்றவை இவை. அங்கே வளர்கிற எங்கள் பேரப்பிள்ளைகளும் அந்த நிழலில்தான் நிற்கிறார்கள்.

இந்த உரையைத் தயாரிக்கும்போது சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தேடினேன். அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். குழாயடி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எதையும் மறுக்கவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை. “அந்த வரி இன்னும் இருக்கோ அக்கா?” என்று மட்டும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சென்ற மாதம் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

அதிபர் அவர்களே, இரட்டைப் பின்னல் இருக்கட்டும். ரிபனும் இருக்கட்டும், எனக்கு அது பிடிக்கும். முகத்தில் விழாமல் சுத்தமாகக் கட்டிக்கொண்டு வா என்று பிள்ளைகளிடம் கேட்பதும் நியாயம். ‘படிய’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். இந்தக் கோரிக்கை என்னுடையது இல்லை, அவருடையது. நான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அடுத்த பதிப்பு எப்போது அச்சாகிறது என்று இன்றிரவு அவருக்குச் சொல்ல வேண்டும்.