ஒரு சொல்லுக்கு வந்த தடை



நூல் ஒன்று அவையேறும்போது அறிஞர் ஒருவர் தடை எழுப்புவதும் ஆக்கியோன் விடை கூறுவதும் தமிழுக்குப் புதியனவல்ல. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையிலே அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைக்கப்பட்டது என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. இன்றைய ஆய்வுச் சஞ்சிகைகளும் ஒரு வகையில் அத்தகைய அவைகளே. ஆனால் அன்று கேட்டவரும் சொன்னவரும் நேருக்கு நேர் இருந்தனர். இன்று கட்டுரையை மதிப்பிடுபவர் பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர். அவரது தீர்ப்பு கடிதமாகவே வந்து சேருகின்றது. அப்படி வந்த ஒரே கடிதத்தோடு எழுதுவதையே நிறுத்திவிட்ட இளம் பட்டதாரிகள் சிலரை நான் அறிவேன். அவர்களை மனத்திற்கொண்டே இன்று ஒரு வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன்.

நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியிலே, முன்னாள் படைவீரருக்கான வைத்தியசாலை ஒன்றில், 1950களில் இருவர் சேர்ந்து ஆய்வு செய்தனர். ஒருவர் றொசலின் யாலோ. பௌதிகவியல் கற்ற பெண்மணி. மற்றவர் சொலமன் பேர்சன், வைத்தியர். ஊசி மூலம் ஏற்றப்படும் இன்சுலின் உடலில் என்னவாகின்றது என்பதை அறிய, கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனை அதனோடு இணைத்து ஏற்றி, இரத்தத்தை அளந்து பார்த்தனர். முன்னர் இன்சுலின் பெறாதவர்களின் இரத்தத்திலிருந்து அது விரைவில் நீங்கியது. பெற்று வந்த நீரிழிவு நோயாளரிலோ மெதுவாகவே நீங்கியது. விலங்கிலிருந்து பெறப்பட்ட இன்சுலினுக்கு எதிராக உடல் ஒரு பிறபொருளெதிரியை உண்டாக்குகின்றது, அதுவே இன்சுலினைப் பற்றி வைத்திருக்கின்றது என்று இருவரும் முடிவு செய்தனர்.

இன்சுலின் போன்ற சிறிய புரதத்துக்கு உடல் பிறபொருளெதிரியை உண்டாக்க மாட்டாது என்பது அக்கால அறிஞர்களின் கொள்கை. ஆகவே 'சயன்ஸ்' சஞ்சிகை கட்டுரையை ஏற்க மறுத்தது. மருத்துவ ஆய்வுச் சஞ்சிகை ஒன்றும் 1955இல் முதலில் மறுத்தது. வழக்கு முழுவதும் 'பிறபொருளெதிரி' என்ற ஒரு சொல்லிலே வந்து நின்றது.

இருவரும் என்ன செய்தார்கள்? தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். 'இன்சுலினைப் பற்றும் குளோபுலின்' என்று பொதுப்படக் குறித்தார்கள். ஆனால் கட்டுரையின் உள்ளே, எல்லோரும் ஏற்றுக்கொண்ட பாடநூல் ஒன்றில் பிறபொருளெதிரிக்குக் கூறப்பட்ட வரைவிலக்கணத்தை எடுத்து, தாம் கண்ட பொருளுக்கு அது பொருந்துவதைக் காட்டினார்கள். 1956இல் அதே மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது.

தமிழாசிரியனாகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். மறுப்பவர் ஒப்புக்கொள்ளும் நூலையே சான்றாகக் கொண்டு தம் கருத்தை நிறுவுவது நம் உரையாசிரியர்களுக்கும் கைவந்த கலையல்லவா? யாலோவும் பேர்சனும் தலைப்பை விட்டுக்கொடுத்தார்கள், முடிவை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே, இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஓமோன்களையும் அளந்தறியும் முறை பிறந்தது. அதற்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. 1972இல் பேர்சன் காலமானார். 1977இல் யாலோவுக்கு நொபெல் பரிசு கிடைத்தது. தமது நொபெல் உரையிலே அந்தப் பழைய மறுப்புக் கடிதத்தையும் அவர் ஒரு படமாகச் சேர்த்துக்கொண்டார்.

திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகள் எல்லாம் மாணிக்கங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலவற்றிலே சான்று போதாது. சிலவற்றிலே சொல்ல வந்த பொருளே தெளிவில்லை. ஆயினும் மறுப்புக் கடிதத்தை ஆத்திரம் அடங்கிய பின் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். தடை சான்றின்மீதா, சொல்லின்மீதா என்று பிரித்தறிய வேண்டும். சான்றின்மீதாயின் மேலும் தேட வேண்டும். சொல்லின்மீதாயின் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று துணிய வேண்டும்.

மதிப்பிடுபவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், விடை கூறும் உரிமை எழுதியவருக்கு இன்றும் உண்டு. அந்தச் சஞ்சிகை கேளாவிடின் வேறொன்று கேட்கலாம். ஆனால் விடை சொல்லாமல் அவையை விட்டு எழுந்து போனவரை, எந்த ஆசானும் தேடிச் சென்று கேட்க மாட்டான். மேசை இலாச்சிக்குள் கிடக்கும் கட்டுரையை இன்றிரவே வெளியே எடுங்கள்.