பயிற்சிக் கூடத்தின் பெயரும் பிள்ளையின் ஆட்டமும்



சிங்கப்பூரில் புக்கிட் மேரா என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. மலாய் மொழியில் அதற்குச் 'செம்மலை' என்று பொருள். அந்தப் பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. முன்னொரு காலத்தில், கூரிய அலகுடைய மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரைமேல் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். அரசனுக்கும் படைக்கும் வழி தெரியவில்லை. ஒரு சிறுவன் வந்து, "கரையோரம் வாழைத் தண்டுகளை வேலியாக நட்டு வையுங்கள்" என்றான். பாய்ந்த மீன்களின் அலகுகள் தண்டில் சிக்கிக்கொண்டன. இத்தனை அறிவுள்ளவன் நாளை நமக்கே பகையாவான் என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அவன் இரத்தத்தால் மலை சிவந்தது என்பது கதை.

அந்தச் சிறுவன் எந்தப் பள்ளியில் படித்தான் என்று கதை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குத் திறமையுள்ள ஒரு பிள்ளையைக் கண்டால் நாம் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார்: "வாத்தியாரே, என் தம்பி புக்கிட் மேராவில் இருக்கிறான். பையனை அங்கே அனுப்பிப் பேர்பெற்ற காற்பந்துப் பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்க்கலாம் என்கிறான். பள்ளியை நிறுத்திவிட்டு, சங்கிலியை அடகு வைத்து அனுப்பினால் பையன் பெரிய ஆட்டக்காரனாகி விடுவானா?" இந்தக் கேள்வி அந்தத் தாய் ஒருவருடையது மட்டுமன்று. ஆகவே இன்று அதையே நம் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் பழைய வரலாற்றைப் பார்ப்போம். சிங்கப்பூர்க் காற்பந்தில் பண்டி அகமது பெயரை அறியாதவர் இல்லை. 1983ஆம் ஆண்டு நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டில் இத்தாலியின் இன்டர் மிலான் குழுவுக்கு எதிராகக் கோல் போட்டார். நம்மவரான வி. சுந்தரமூர்த்தி, 1980களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்கு ஆடச் சென்றார். பிறகு கெடா, பகாங் குழுக்களுக்கும் ஆடினார். சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியோ 2004ஆம் ஆண்டில்தான் உட்லண்ட்ஸில் தொடங்கப்பட்டது. அப்படியானால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

குடியிருப்புத் திடல்களிலிருந்தும் தொகுதிக் கழகங்களிலிருந்தும் வந்தார்கள். புக்கிட் மேரா வட்டாரத்தைச் சேர்ந்த தியோங் பாருவிலும் அப்படி ஒரு தொகுதி விளையாட்டுக் கழகம் இருந்தது. 1996ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக் எட்டுக் குழுக்களுடன் தொடங்கியபோது, அக்கழகத்திலிருந்து வந்த தியோங் பாரு யுனைடெட்டும் அவற்றுள் ஒன்று. பண்டிக்கு இன்னொரு பள்ளியும் இருந்தது. அவருடைய தந்தை அகமது வார்த்தாம், சிங்கப்பூரின் கோல் காவலராக இருந்தவர். அந்தப் பள்ளி வீடுதான்!

அப்படியானால் விளையாட்டுப் பள்ளி வேண்டாமா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓர் உதாரணம் பாருங்கள். 1973ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில், மகளிர் 200 மீட்டர் ஓட்டத்தில் குளோரி பர்னபாஸ் தங்கம் வென்றார். அவர் ஓர் ஆசிரியை. அதே ஓட்டத்தில் இன்னொரு சிங்கப்பூர்ப் பெண் தங்கம் வெல்ல 42 ஆண்டுகள் ஆயின. 2015ஆம் ஆண்டில் வென்ற சாந்தி பெரேரா, விளையாட்டுப் பள்ளியில் பயின்றவர். ஒருவர் அந்தப் பள்ளி இல்லாமலே வென்றார். மற்றவர் அந்தப் பள்ளியிலிருந்து வந்து வென்றார்.

ஆனால் சாந்தியின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2017, 2019 ஆகிய இரண்டு போட்டிகளிலும் அந்தத் தங்கம் அவருக்குக் கிட்டவில்லை. அவர் விட்டுவிடாமல் உழைத்தார். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் 23.03 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். பள்ளி வாசலைக் கடந்த பிறகு கழிந்த அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியது பள்ளியின் பெயர்ப் பலகையா? சிந்தித்துப் பாருங்கள்.

இதே கேள்வியை அமெரிக்கர்களும் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். அவர்கள் ஆடும் காற்பந்து வேறு வகை. கையால் பந்தை எறிந்து ஆடுவது. குழுவை நடத்தி, பந்தை எறிபவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். தொழில்முறைக் குழுக்கள் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜமார்கஸ் ரசல் 2007ஆம் ஆண்டு முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று பருவங்களோடு அவருடைய ஆட்டம் முடிந்துபோயிற்று. அதே பல்கலைக்கழகத்தின் ஜோ பர்ரோ 2020இல் முதல் ஆளாகத் தேர்வானார். இரண்டாம் பருவத்திலேயே தம் குழுவை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு சென்றார். இருவருக்கும் பல்கலைக்கழகம் ஒன்று, முடிவு வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிரேடியோ 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவர் ஏழு முறை வெற்றிக் கிண்ணம் வென்றார்.

ஏன் இப்படி ஆகிறது? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பெரிய பயிற்சிக் கூடங்கள் ஏற்கெனவே நன்றாக ஆடும் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கின்றன. நல்ல விதையாகப் பார்த்து எடுத்த நாற்றங்காலில் நாற்று செழிப்பாக இருந்தால், அதில் விதைக்கும் பங்கு உண்டு, நாற்றங்காலுக்கும் பங்கு உண்டு. பால்மரக் கன்றை நட்ட பிறகு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பால் வெட்டும்போதுதானே அதன் குணம் தெரிகிறது?

இரண்டாவது, நல்ல குழுவில் ஆடுகிறவன் உள்ளதைவிடப் பெரியவனாகத் தெரிவான். பக்கத்தில் இருப்பவர்கள் சரியாகப் பந்தைக் கடத்தினால் எவன் காலிலிருந்தும் கோல் விழும். எதிராளி நெருங்கும்போது, துணையும் இல்லாதபோது, பையன் என்ன செய்கிறான் என்பதே அவனுடைய சொந்த அளவு.

மூன்றாவது, நாம் எண்ணும் முறையில் உள்ள குறை. ஒரு கூடத்தில் 100 பிள்ளைகள் சேர்கிறார்கள், அவர்களில் இருவர் பேர் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் மாட்டப்படுவது அந்த இருவர் படந்தான். மற்ற 98 பேர் என்ன ஆனார்கள்? சுவர் அதைச் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, தோட்டத்துப் பெற்றோர்களே, பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள், விலகியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? நாள்தோறும் என் பிள்ளையைப் பார்த்துத் திருத்தப் போகிறவர் யார்? பயிற்சியோடு படிப்பும் நடக்குமா? கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியே படிப்பையும் பயிற்சியையும் சேர்த்துத்தான் நடத்துகிறது. அங்கேயே படிப்பை விடவில்லை என்றால், நாம் ஏன் விட வேண்டும்?

பயிற்றுநரின் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் ஒரு செய்தி. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார் சி. குணாளன். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. அவர் முதலில் காற்பந்து ஆடியவர். திடலில் அவருடைய வேகத்தைக் கண்டு, ஓட்டப் பந்தயத்துக்கு அழைத்து வந்தவர் பயிற்றுநர் டான் எங் யூன். குணாளனும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவரே. வேலையை விட்டுவிட்டு அவர் ஓடவில்லை.

திறமையை அறிந்த ஒருவர் அருகில் இருப்பதும், பிள்ளை சலிக்காமல் உழைப்பதும், வீட்டார் துணை நிற்பதுமே முதன்மையானவை. இவற்றுக்குப் பிறகுதான் கூடத்தின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத் திடலில் உங்கள் பிள்ளை ஆடும்போது ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாளும் அவன் பந்தை எடுத்துக்கொண்டு போகிறானா என்று கவனியுங்கள். போகிறான் என்றால் பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். மாவட்ட அளவுப் போட்டிகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்குச் சங்கிலி அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.