இடர்க் காலத்தில் கைகொடுக்கும் நலத்திட்டங்கள்



அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்க்கும் பணியில் உள்ள நமக்கு இரண்டு சொற்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. ஒன்று நலத்திட்டம், மற்றொன்று நிவாரணம். மாதந்தோறும் கிடைக்கும் முதியோர் உதவித்தொகை, நியாயவிலைக் கடை அரிசி, கிராமத்துக் கூலிவேலை ஆகியவை நலத்திட்டங்கள். புயலோ வெள்ளமோ வறட்சியோ நேர்ந்த பின்னர் அளிக்கப்படுவது நிவாரணம். இவ்விரண்டும் வெவ்வேறு இலாகாக்களிலிருந்து வெவ்வேறு கோப்புகளில் வருகின்றன. ஆனால் அவற்றைப் பெறுகின்ற குடும்பம் பெரும்பாலும் ஒன்றேதான். மாதந்தோறும் அக்குடும்பத்தின் வாசலை அறிந்து செல்லும் அரசாங்கம், வெள்ளம் வந்த மறுநாள் அதே குடும்பத்தைப் புதிதாகத் தேடத் தொடங்குவானேன்? இவ்வினாவையே இன்று ஆராய எண்ணுகிறோம். சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்கள் நமக்கு எடுத்துக்காட்டாக அமையும்.

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்தவை இவை. தெலுங்கோடு தமிழும் வழங்கும் ஊர்கள் இங்கே பல உண்டு. மேற்கே குப்பம், பலமனேர் முதலிய மேட்டுநிலப் பகுதிகளில் மழையை நம்பிப் பயிர் செய்யும் குடும்பங்கள் மிகுதி. மழை பொய்த்தால் விளைச்சலும் இல்லை. விளைச்சல் இல்லாவிடில் கூலியும் இல்லை. கிழக்கே சுவர்ணமுகி ஆறு திருப்பதியின் அருகே ஓடிக் காளத்தியைத் தொட்டுக் கடலை நோக்கிச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அவ்வாறு, கார்த்திகை மாதத்துப் புயல் மழையில் கரைபுரண்டு ஓடும். இவ்வாறு பழைய சித்தூர் ஜில்லா ஒன்றினுள்ளேயே வறட்சியும் வெள்ளமும் அருகருகே குடியிருந்தன. 2022 ஏப்ரல் 4ஆம் தேதியன்று அந்த ஜில்லாவின் ஒரு பகுதியையும் நெல்லூரின் ஒரு பகுதியையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது.

இம்மண்ணில் பஞ்சத்தின் நினைவு ஆழமானது. 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் முன்னோர் மறந்ததில்லை. அக்காலத்தில் சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டனர் என மதிப்பிடுவர். வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும் பொருட்டு நிவாரண வேலைக்கான கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்ற அளவுக்கு இறக்கினார். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் அக்கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவையே.

அந்தத் துயரத்திலிருந்து ஒரு படிப்பினை பிறந்தது. 1880இல் பஞ்சக் கமிஷன் தன் அறிக்கையை அளித்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பின் மாதிரி வெளியாயிற்று. பஞ்சம் வந்த பின் யோசிப்பதன்று. வருவதற்கு முன்பே ஏற்பாடுகளை எழுதி வைப்பது என்பதே அதன் அடிப்படை. எந்த ஏரியைத் தூர்வாருவது, எந்தச் சாலையைப் போடுவது என்ற வேலைப் பட்டியல் நல்ல காலத்திலேயே தயாராக இருத்தல் வேண்டும். வேலை செய்ய இயலாத முதியோர், நோயாளர் ஆகியோரின் பெயர்களைக் கிராம அதிகாரிகள் எழுத வேண்டும். துன்பம் தொடங்கிவிட்டதா என்பதை அறியச் சோதனை வேலைகளைத் திறக்க வேண்டும். குறைந்த கூலிக்குக் கடினமான வேலை செய்யக் கூட்டம் திரண்டு வந்தால், பஞ்சம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இம்முறையில் ஓர் அறிவும் உண்டு. ஒரு கொடுமையும் உண்டு. முன்கூட்டித் திட்டமிட்டது அறிவு. மனிதன் பசியால் தளர்ந்து வேலைக்களத்துக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்தது கொடுமை. உயிர் போகாமல் பார்த்துக்கொள்வதே அன்றைய இலக்கு. உழவனின் மாடும் ஏரும் காப்பாற்றப்பட்டனவா என்று அது பெரிதும் கவலைப்படவில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1983இல் முதலமைச்சர் என். டி. ராமராவ், கிலோ அரிசி 2 ரூபாய் என்ற திட்டத்தை ஆந்திரத்தில் தொடங்கினார். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 2006 பிப்ரவரி 2ஆம் தேதி அனந்தபூர் ஜில்லாவின் பண்ட்லபள்ளி கிராமத்தில் செயலுக்கு வந்தது. முதற் கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட 200 ஜில்லாக்களில் சித்தூரும் ஒன்று. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்பது அதன் உறுதி. வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மேலும் 50 நாள் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. சாதாரணக் காலத்துத் திட்டம் இடர்க் காலத்தில் தானே விரிவதற்கு இதனைவிடத் தெளிவான சான்று இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாள்களின் எண்ணிக்கை அதில் 125 ஆக உயர்ந்தது. மாநிலத்துக்கு இவ்வளவு தொகை என்று முன்னதாகவே வரையறுக்கும் முறையும் புகுந்தது. ஆகவே மழை பொய்த்த ஆண்டில் கூடுதல் வேலைக்குரிய பணம் எங்கிருந்து வரும் என்பதை நல்ல காலத்திலேயே தெளிவாக்கி வைத்தல் இன்றியமையாதது.

இவ்வேற்பாடுகள் சோதனைக்கு உள்ளான இரு சந்தர்ப்பங்களை இனிப் பார்ப்போம்.

முதலாவது, 2020ஆம் ஆண்டு. கொரோனா நோய்த் தொற்றினால் மார்ச் 20ஆம் தேதி முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கியது. யாத்திரிகர்களை நம்பி வாழும் நகரம் திருப்பதி. பூக்கடைக்காரர், வண்டியோட்டி, விடுதிப் பணியாள், பொம்மை விற்பவர் என எத்தனையோ பேருடைய வருமானம் ஒரே நாளில் நின்றுபோயிற்று. புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆயினும் அடுப்பு எரியவில்லை. அப்போது மத்திய அரசாங்கம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் குடும்ப அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாக, விலையின்றி அளித்தது. புதிய கடைகள் திறக்கவில்லை. புதிய மனுக்கள் வாங்கவில்லை. இருந்த கடையில், இருந்த அட்டைக்கு, அளவு மட்டும் கூடிற்று. அதனாலேயே அது விரைவில் சென்றடைந்தது. ஆனால் அட்டை இல்லாதவருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர், பட்டியலில் இன்னும் பெயர் ஏறாத குழந்தை, தனிக்குடித்தனம் போய் அட்டை வாங்காத இளந்தம்பதியர் ஆகியோர் வெளியே நின்றனர். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்குத் தானியம் என்ற கணக்கு, 2011 மக்கள்தொகையைக் கொண்டே போடப்பட்டிருந்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

இரண்டாவது, 2021 நவம்பர் மாத வெள்ளம். 18, 19 தேதிகளில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரத் தெருக்கள் ஆறுகளாயின. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. அண்டையிலுள்ள கடப்பை ஜில்லாவில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை 19ஆம் தேதி உடைந்து பலர் உயிரிழந்தனர். திருப்பதிக்கு அருகே ராயலசெருவு என்னும் பழம்பெரும் ஏரியின் கரையில் கசிவு தோன்றவே, கீழேயுள்ள கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணல் மூட்டைகளை அடுக்கி அக்கரையைக் காத்தனர்.

இவ்விரு சந்தர்ப்பங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். முன்னதில் பட்டியலும் வழியும் ஏற்கெனவே இருந்தன. ஆணை பிறந்ததும் தானியம் நகர்ந்தது. வெள்ளத்திலோ, வீடு எவ்வளவு சேதம், எத்தனை நாள் நீர் நின்றது, பயிர் எவ்வளவு அழிந்தது என்று கணக்கெடுத்த பின்னரே இழப்புக்குரிய தொகையை முடிவு செய்ய இயலும். கணக்கெடுப்பு தேவையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வாரத்துச் சோற்றுக்கும் துணிக்கும் மருந்துக்கும் அது வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

ஏரிகளால் வாழும் நாட்டவருக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏரிக்கரையில் மதகும் உண்டு, கலிங்கும் உண்டு. மதகு அன்றாடப் பாசனத்துக்கு, கலிங்கு பெருவெள்ளத்துக்கு. வெள்ளம் வந்த பிறகு கலிங்கு கட்டுவார் எவருமில்லை. நம் நலத்திட்டங்களுக்கு மதகு உண்டு. பலவற்றுக்குக் கலிங்கு இன்னும் கட்டப்படவில்லை. அதனைக் கட்ட மூன்று காரியங்கள் வேண்டும்.

ஒன்று, பட்டியல். இன்று உதவி பெறுவோர் பெயரோடு, ஆபத்து நேர்ந்தால் உதவி தேவைப்படுவோர் பெயரும் அதில் இருத்தல் வேண்டும். ஏரிக்குக் கீழே குடியிருப்போர், ஆற்றோரத்து யானாதிக் குடும்பங்கள், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுவோர் ஆகியோர் எளிதில் விடுபட்டுப் போகிறவர்கள். குத்தகைதாரனுக்குச் சொந்த நிலம் இல்லை. ஆனால் பயிரழிவின் நஷ்டம் முதலில் விழுவது அவன் தலையில்தான்.

இரண்டு, அடையாளம். இத்தனை நாள் மழையில்லை, இத்தனை அங்குலம் மழை பெய்தது, ஏரியில் நீர் இந்த மட்டத்தை எட்டியது என்ற அளவுகளை முன்பே குறித்துவைத்து, அவ்வளவு வந்ததும் உதவி தானே புறப்படுமாறு செய்ய வேண்டும்.

மூன்று, பணமும் அது செல்லும் வழியும். ஆந்திரத்தில் முதியோர்க்கான மாத உதவித்தொகை 2024 ஜூலை முதல் 4000 ரூபாயாக உயர்ந்துள்ளது. கிராம, வார்டு செயலகப் பணியாளர்கள் அதனை வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கிறார்கள். அதே கைகள், வெள்ளம் சூழ்ந்த வாரத்தில் ஒரு கூடுதல் தொகையையும் கொண்டுசெல்லலாம் அல்லவா? அதற்குரிய நிதி முன்னரே ஒதுக்கப்பட்டிருத்தல் ஒன்றே வேண்டுவது.

இது வெறும் கனவன்று. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் வறண்ட வடபகுதியில் நான்கு மாவட்டங்களில் இத்தகைய ஏற்பாடு நடந்துள்ளது. சுமார் ஓர் இலட்சம் ஏழைக் குடும்பங்கள் முறையாக உதவித்தொகை பெற்றன. மற்றக் குடும்பங்களையும் முன்கூட்டியே பதிவு செய்து, அவற்றுக்கும் வங்கிக் கணக்குகளைத் திறக்க முற்பட்டனர். வானிலிருந்து செயற்கைக் கோள் காட்டும் புல்வெளியின் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்ததும், அக்குடும்பங்களுக்கும் பணம் அனுப்பப்பட்டது. ஆடுமாடுகள் மடிந்த பின்பு வரும் உதவிக்கும், மடிவதற்கு முன்பு வரும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை அம்மக்கள் அறிவர்.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். முன்கூட்டியே பணம் கொடுத்தால், தேவையற்றவர் சிலருக்கும் அது போய்ச் சேராதா? போய்ச் சேரும். ஏரிநீர் வயலுக்குப் பாயும்போது வரப்போரத்துப் புல்லுக்கும் சிறிது பாயவே செய்யும். அதற்காக மதகை மூடிவைப்பார் உண்டோ? தவறான கையில் சேரும் தொகையைப் பின்னர்த் திருத்தலாம். காலங்கடந்த உதவியைத் திருத்த இயலாது. விதைக் கடலையை விற்று உண்டுவிட்ட குடும்பம், கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட குடும்பம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிய குடும்பம் ஆகியவை மீண்டும் நிமிர ஆண்டுகள் பலவாகும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதைச் சொன்னோம். குடிமக்களாகிய நம் கையிலும் சில உண்டு. குடும்ப அட்டையில் பிறந்த குழந்தையின் பெயரும் புகுந்த மருமகளின் பெயரும் ஏறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். கிராம சபை கூடும்போது, நம் ஊரில் நடக்க இயலாதவர் எவர், தனித்து வாழும் மூதாட்டி எவர், ஏரி உடைந்தால் முதலில் நீர் புகும் தெரு எது என்று கேட்டு எழுதச் செய்ய வேண்டும். அட்டை இல்லாத அண்டை வீட்டாரை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதும் ஓர் அறமே. இவையெல்லாம் வானம் தெளிந்திருக்கும் நாளில் செய்ய வேண்டியவை. மழை தொடங்கிய பிறகு எழுதப்படும் பட்டியலில், குரல் உயர்ந்தவரின் பெயரே முதலில் ஏறும். குரல் எழாதவரின் பெயர் அன்றும் விடுபட்டே போகும்.