பூஞ்சணம் பிடித்த தீனியும் கால்நடைகளின் ஈரலும்



மாட்டுக் கொட்டகையின் மூலையில் கிடக்கும் புண்ணாக்கு மூட்டையை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஈரமேறிக் கட்டிபட்டிருக்கும். பச்சை நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, வீசி எறிய நமக்கு மனம் வருவதில்லை. "மாட்டுக்கு வேண்டாம், கோழிக்காவது போடுவோம்" என்று அள்ளிப் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு கைத் தீனி என்ன செய்யும் என்பதை இன்று பார்ப்போம்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தொற்று நோயோ என்று முதலில் அஞ்சினார்கள். ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் ஒரு நஞ்சைக் கக்கியிருந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் நாட்டில் இந்தப் பூஞ்சணம் வளரத் தடையே இல்லை. கடலை, சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றில் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

தின்ற தீனியின் சத்து குடலிலிருந்து முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. நஞ்சை மாற்றி வெளியேற்ற ஈரல் முயல்கிறது. ஆனால், அந்த மாற்றத்தின்போதே அது முன்னிலும் கொடிய நஞ்சாகி ஈரலின் அணுக்களைத் தாக்குகிறது. ஈரலில் கொழுப்புப் படிகிறது. செந்நிறம் போய் மஞ்சளாக வெளுக்கிறது. இரத்தம் உறைவதற்கான பொருள்களை உண்டாக்குவதும் ஈரலே. ஆகவே, அது கெட்டால் சிறு அடி பட்டாலும் இரத்தம் கட்டும்.

வாத்துக் குஞ்சுகள் விரைவில் மடியும். கன்றுகளும் பன்றிக் குட்டிகளும் இளைக்கும். வளர்ந்த மாடு சாகாமல் தாங்கலாம். ஆனால் தீனி எடுக்காது, பால் குறையும். கோழி முட்டை குறையும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறைவதால், போட்ட தடுப்பூசி கூடச் சரியாகப் பலன் தராது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. அந்தப் பாலைக் குடிப்பவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?

எல்லாப் பூஞ்சணமும் இந்த நஞ்சைத் தருவதில்லை. ஆனால் எது தரும், எது தராது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டு வெயிலில் காயவைத்தாலும், கஞ்சியாகக் காய்ச்சினாலும் நஞ்சு போய்விடாது. முறிமருந்தும் இல்லை. வராமல் காப்பதே வழி.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவோம். ஒழுகும் கூரையை அடைப்போம். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, பழையதை முதலில் தீர்ப்போம். தொட்டியில் மிஞ்சிய ஈரத் தீனியை அன்றாடம் கழுவிவிடுவோம். பூஞ்சணம் பிடித்ததைக் குழி தோண்டிப் புதைப்போம். கால்நடை சோர்ந்தால் தீனியை உடனே மாற்றி, கால்நடை மருத்துவரிடம் அந்தத் தீனியிலும் கொஞ்சம் எடுத்துச் சென்று காட்டுவோம்.

ஒரு மூட்டைப் புண்ணாக்கு போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். கறவை மாடு போனால் குடும்பத்தின் வருமானமே போய்விடும்.