வெட்கப்பட வேண்டியவர் யார்?



வாழ்வுக்குப் பொருள் தரும் இலட்சியத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். ஞானிகளைப் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இந்தப் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேசுவதே சரி என்று பட்டது. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் இந்த நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்களே, அவர்களுடைய ஊர்க்காரர் பெசவாடா வில்சன்.

கோலார் தங்கவயல் உங்களுக்குப் புதிதல்ல. வடஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் போன நம் தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்த ஊர். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் அங்கேதான் முதலில் போனது. பெங்களூருத் தெருக்களுக்கு 1905இல்தான் வந்தது. அதே ஊரில், உலர் கழிப்பிடங்களின் மலத்தை மனிதர் அள்ளி வாளியில் சுமக்கும் வழக்கம் 1980களிலும் நீடித்தது. பாதாளத்துத் தங்கத்தை மேலே கொண்டுவர வழி கண்டவர்களுக்கு இதற்கு மட்டும் வழி தெரியாமல் போகவில்லை. அள்ள ஆள் இருந்தார்கள். அதனால் யாருக்கும் அவசரமில்லை.

அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட, தெலுங்கு பேசும் தலித் குடும்பம் ஒன்றில் 1966இல் வில்சன் பிறந்தார். பெற்றோர் தங்கள் தொழிலைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. மற்ற சிறுவர்களின் கேலியில்தான் அவருக்கு அது புரிந்தது. படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனால், அங்கேயும் அவருக்கென்று எழுதி வைத்திருந்தது துப்புரவு வேலைதான்.

ஒருநாள் கழிப்பிடத்துக்கே நேரில் போனார். தொழிலாளி ஒருவரின் வாளி குழிக்குள் விழுந்துவிட்டது. அவர் கையை உள்ளே விட்டு அதை எடுக்க முனைந்தார். பார்த்துக்கொண்டிருந்த வில்சன் கதறி அழுதார். செத்துவிடலாம் என்றே அன்று தோன்றியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

என் பேச்சின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அன்றுவரை அவருக்குள் இருந்தது வெட்கம். தன் குடும்பத்தை, பிறப்பைப் பற்றிய வெட்கம். அம்பேத்கரைப் படிக்கப் படிக்க அந்த வெட்கம் இடம் மாறியது. வெட்கப்பட வேண்டியவர்கள் வாளியைச் சுமந்தவர்கள் இல்லை, சுமக்க வைத்தவர்கள் என்று தெளிந்தது. நம்மில் பலர் இலட்சியத்தை எங்கோ உயரத்தில் தேடுகிறோம். நம்மை அதிகம் உறுத்துவது எதுவோ, நாம் பார்க்காமல் கடந்துபோவது எதுவோ, அங்கேதான் அது கிடக்கிறது என்பது என் துணிபு.

அழுததோடு அவர் நிற்கவில்லை. தங்கவயல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். அப்படி எதுவும் இல்லை என்றவர்களுக்குப் புகைப்படங்களைக் காட்டினார். மனிதர் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அடுத்த ஆண்டு தோழர்களோடு சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் (துப்புரவுத் தொழிலாளர் இயக்கம்) அமைப்பைத் தொடங்கினார். சட்டம் தாளிலேயே கிடந்ததால் 2003இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 மார்ச் 27இல்தான் தீர்ப்பு வந்தது. 11 ஆண்டுகள்! 1993 முதல் சாக்கடையைச் சுத்தம் செய்ய இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இடைப்பட்ட காலமெல்லாம் ஊர் ஊராகப் போய், பெண்களைக் கூடையைத் தூக்கி எறியச் சொல்லி, கழிப்பிடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்று 125 நாள் நாடெங்கும் போன பீம் யாத்திரை 2016 ஏப்ரலில் டெல்லியில் முடிந்தது. அதே ஆண்டு மகசேசே விருது அவருக்கும், நம் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கும் கிடைத்தது. விருதுக்குப் பிறகும் சாவுகள் நின்றுவிடவில்லை. உயிரிழப்புக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்ததே, அதுவே சாட்சி.

நண்பர்களே, இந்த நகரத்தில் நாம் பலர் அடுக்குமாடிகளில் இருக்கிறோம். பாதுகாப்புக் கருவிகள் ஏதும் தராமல் ஓர் ஆளைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது, 1993 சட்டத்துக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒப்பந்ததாரர் மட்டுமல்ல, அவரை அமர்த்தியவரும் அதற்குப் பொறுப்பு. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நம் தொட்டியை யார், எதைக்கொண்டு சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஆளை இறக்குகிறார்கள் என்றால், அன்றே நிறுத்துங்கள்.