சிறுநீர்த் தடையை மூடி மறைக்காதீர்கள்

(தோட்டத் தலைவர்மார், மாதர் அணித் தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில், சங்கத்தின் சுகாதாரப் பிரிவுப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று ஆண்களின் சிறுநீர்க் கோளாறு பற்றிப் பேசுகிறேன். சிலருக்குச் சிரிப்பு வரலாம். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எங்கள் மூத்த தொழிலாளர் பலர் வாய் திறப்பதில்லை. சிறுநீர் முழுதாக அடைத்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிகிறது.

ஆண்களுக்கு மட்டும் புரோஸ்டேட் என்றொரு சுரப்பி இருக்கிறது. கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரியது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் இது மெல்ல வீங்கத் தொடங்கும். 60 வயதாகும்போது ஏறத்தாழ பாதிப் பேருக்கு வீக்கம் இருக்கும். பீலியில் மாட்டிய ரப்பர் குழாயைக் கையால் இறுக்கினால் தண்ணீர் எப்படி வரும்? அப்படித்தான் இங்கேயும் நடக்கிறது. இது கெட்ட பழக்கத்தால் வந்த நோயல்ல, தொற்றும் நோயுமல்ல. இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் இதே அறிகுறிகள் வரலாம். அதனால்தான் வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறிகள் இவை:

1. சிறுநீர் உடனே வராது. முக்கிக் காத்திருக்க வேண்டும்.
2. மெல்லிய நூலாக, விட்டு விட்டு வரும்.
3. போய் வந்தபின்னும் மிச்சம் இருப்பது போலிருக்கும். சொட்டுச் சொட்டாகக் கசியும்.
4. வந்துவிட்டால் அடக்க முடியாது.
5. இரவில் இரண்டு, மூன்று தடவைக்கு மேல் எழும்ப வேண்டிவரும்.

காம்பராவை விட்டு வெளியே, மழையிலும் பனியிலும் படியேறி மலசலகூடத்துக்குப் போகும் எங்கள் ஆட்களுக்கு இந்த ஐந்தாவது சின்ன விஷயமல்ல. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது இன்னொரு பெரிய வருத்தம். சீனி வியாதி இருந்தாலும் இரவில் அடிக்கடி போகும். ஆகவே "வயசு போச்சு" என்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத சில அடையாளங்கள் உண்டு. அடிவயிறு வீங்கி, வலி எடுத்து, ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை என்றால் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குப் பணம் கிடையாது. வைத்தியசாலையில் மெல்லிய குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். சிறுநீரில் இரத்தம், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், உறக்கத்தில் தானாகப் போவது ஆகியவையும் அவசரமே. கடைசியாகச் சொன்னது, பை நிரம்பி வழிகிறது என்பதன் அடையாளம். வலியே இல்லாமல் சிறுநீரகம் பழுதாவது இப்படித்தான்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்? சிறுநீர், இரத்தம் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். மலவாயில் விரலை வைத்துச் சுரப்பியைத் தடவிப் பார்ப்பார்கள். இதற்கு வெட்கப்பட்டே பலர் போவதில்லை. ஒரு நிமிட வேலை அது. வீக்கமா, கட்டியா என்பதை அறிய உதவும் முக்கியமான சோதனை.

மருந்து பெரும்பாலும் இரண்டு வகை. டாம்சுலோசின், பிராசோசின் போன்றவை இறுக்கத்தைத் தளர்த்தும்; சில நாட்களில் சுகம் தெரியும். ஆனால் எழும்பும்போது தலை சுற்றலாம். மலைச்சரிவில் வேலை செய்பவர், பிரஷர் குளிசை போடுபவர் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பினஸ்டரைட் சுரப்பியையே சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதம்வரை ஆகும். ஒரு மாதத்தில் "சரிவரவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். இவை போதாவிட்டால் சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவி விட்டு, வெளியே வெட்டுக்காயம் இல்லாமல் சத்திரசிகிச்சை செய்வார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

இனி வீட்டு வைத்தியம். நெருஞ்சில் கஷாயம், பொல்பலாத் தண்ணி எங்கள் பெரியவர்களுக்குப் பழக்கம். இவை சிறுநீரைப் பெருக்கும், அடைப்பைத் திறக்கமாட்டா. வாசல் அடைத்திருக்கும் பைக்குள் மேலும் நீர் சேர்ந்தால் வேதனைதான் கூடும். பொல்பலாவில் ஒட்சலேற்று இருப்பதால் சிறுநீரகம் பழுதானவர்கள் கேட்காமல் குடிக்கவே கூடாது. பூசணி விதை தின்பதில் கெடுதல் இல்லை, அதுவே மருந்தாகிவிடாது. குடிப்பது எதுவானாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

உண்மையாகவே உதவும் இயற்கை வழிகள் உண்டு. பகலில் தேவையான தண்ணீர் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் தேத்தண்ணியை நிறுத்துங்கள். சாராயம், கசிப்பு இரண்டும் திடீர் அடைப்பைக் கொண்டுவரும். வேலைத்தளத்தில் அடக்கி வைக்காதீர்கள். போனபின் ஒரு நிமிடம் நின்று மறுபடி முயலுங்கள். கீரை, பழம் சாப்பிட்டு மலச்சிக்கலைத் தவிருங்கள். இன்னொன்று: தடிமலுக்குப் போடும் பிரிட்டோன் போன்ற குளிசைகள் இந்த வருத்தக்காரருக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். மழைக்காலத்தில் கடையில் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

தலைவர்மாரே, இதில் சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பதே பலரை வீட்டில் நிறுத்துகிறது. கிளினிக் துண்டோடு வருபவருக்கு வேறு நாளில் வேலை தரும்படி நிர்வாகத்தோடு பேசுங்கள். ஓய்வுபெற்று லயத்தில் இருப்பவர்களையும் சேர்த்து, நான்கைந்து பேராக ஒரே வாகனத்தில் அனுப்பினால் செலவு குறையும். மலசலகூடப் பாதைக்கு விளக்கும் கைப்பிடியும் கேட்பது தோட்டக் கமிட்டியின் கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும்.

தலைவிமாரே, இரவில் அவர் எத்தனை தடவை எழும்புகிறார் என்று அறிந்தவர்கள் வீட்டுப் பெண்கள்தான். அதை அவர்கள் சொல்லத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் அந்த ஐந்து அறிகுறிகளையும் வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் "எனக்கும் இருக்கு" என்று சொல்ல முன்வந்தால் மற்றவர்களும் சொல்வார்கள். அந்த முதல் ஆளைக் கிண்டல் செய்யாமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது எங்கள் பொறுப்பு.