விண்ணப்பத்தின் மொழி: தோட்டப்புற மாணவரும் வெளிநாட்டு உயர்கல்வியும்



மொழிக் கழகத்தின் சொற்பொழிவு வரிசையில் வெளிநாட்டுக் கல்விக்கு விண்ணப்பித்தலைப் பற்றி மொழியியலார் ஒருவர் ஏன் பேச வேண்டும் என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். விண்ணப்பம் என்பது முதலில் ஒரு மொழிச்செயல். நம்மை நேரில் காணாத ஒருவர், நாம் எழுதிய சில பக்கங்களை மட்டும் கொண்டு நம் எதிர்காலத்தின் ஒரு பகுதியைத் தீர்மானிக்கிறார். கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் அறிவுக் குறைவினால் வாய்ப்பை இழப்பதில்லை. அந்தப் பக்கங்களை எழுதும் முறையை யாரும் சொல்லித் தராமையால் இழக்கின்றனர். ஆகவே இஃது ஆசிரியர்க்கும் மொழிக் கழகத்திற்கும் உரிய பொருளே.

1. வட்டாரமும் வழியும்

இவ்வட்டாரம் உலகிலிருந்து ஒதுங்கிய மூலையன்று. பத்தாங் பெர்சுந்தை, அதாவது 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொகொனியே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். உலகச் சந்தையை மாற்றிய ஒரு பயிர் தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் வேரூன்றியது. அதைப் பேணி வளர்த்த உழைப்பில் நம் மக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கு உலகப் பல்கலைக்கழகங்களின் வாயில் நெடுங்காலம் எட்டாத் தொலைவிலேயே இருந்தது.

எனினும் கடல் கடந்து கற்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பியவர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்திய தனிநாயக அடிகள், அண்ணாமலையிலும் பின்னர் இலண்டனிலும் பயின்றவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முதன்மைக் காரணராய் விளங்கியவர்.

பின்னர்ப் பொருளியல் நிலை மாறியது. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டன் வெளிநாட்டு மாணவரிடம் முழுக் கட்டணம் பெறத் தொடங்கியதும், நம் நாட்டுக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து இரட்டைத் திட்டங்களை வளர்த்தன. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின் 1998இல் மோனாஷ், 2000இல் நாட்டிங்காம் ஆகியன இங்கேயே கிளை நிறுவின. எனவே இன்று மாணவர் முன் மூன்று வழிகள் உள்ளன: முழுப் படிப்பையும் அயல்நாட்டிற் கற்றல், ஓரிரண்டு ஆண்டை மட்டும் அங்குக் கற்றல், உள்நாட்டிலிருந்தே அயல்நாட்டுப் பட்டம் பெறுதல். எந்த நாடு என்னும் கேள்வியை முன்வைத்துத் தொடங்குவோர் பலர். எந்தப் படிப்பு, அதனால் என்ன தொழில், அதற்கு எந்த வழி என்னும் வரிசையே தக்கது.

2. காலக் கணக்கு

விண்ணப்பத்தைப் பின்னிருந்து முன்னாகத் திட்டமிடல் வேண்டும். பிரிட்டனில் கல்வியாண்டு செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பெப்ரவரி, ஜூலை என இரு சேர்க்கைகள் உண்டு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழி ஐந்து தெரிவுகள் வரை செய்யலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றிற்கும் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கும் முந்தைய ஆண்டு அக்டோபர் 15 இறுதி நாள். ஏனைய பெரும்பாலானவற்றிற்கு ஜனவரி. தேர்வு முடிவு வந்தபின் யோசிக்கலாம் என்றிருப்பவர் ஓராண்டை இழப்பார்.

ஆங்கிலத் தகுதித் தேர்வையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஐயெல்ட்ஸ் முடிவு ஈராண்டுகளே ஏற்கப்படும். மிக முன்னரே எழுதினாலும் பயனில்லை. மிகத் தாமதித்தாலும் இடர். பல பல்கலைக்கழகங்கள் மொத்தம் 6.5, எக்கூறிலும் 6.0க்குக் குறையாமை என்று கேட்கின்றன. நம் பிள்ளைகளிற் பலர் வாசித்தலில் மதிப்பெண் பெற்று எழுத்திற் பின்தங்குகின்றனர். காரணம் இலக்கணப் பிழை மட்டுமன்று; ஒரு கருத்தை எடுத்து, சான்று காட்டி, முடிவுக்கு வரும் பத்தியமைப்பில் பயிற்சியின்மை. இப்பயிற்சியைத் தமிழ் வகுப்பிலேயே தொடங்கலாம். தமிழில் வாதிட்டு எழுதப் பழகியவர்க்கு ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியது சொல்லும் தொடரமைப்புமே.

3. பெயர்

மொழியியலார் கண்ணில் விரைவாகப் படும் இடர் ஒன்று உண்டு. அது மாணவரின் பெயர்.

நம் அடையாள அட்டையில் ஒருவரின் பெயரும் தந்தையின் பெயரும் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்னும் குறியால் இணைக்கப்படுகின்றன. அது 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கம். மகன், மகள் என்று பொருள். வெளிநாட்டு விண்ணப்பப் பாரமோ குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரு கட்டங்களைத் தருகிறது. தமிழர்க்கு மரபுவழிக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. ஒரு மாணவி தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறார். மறு பாரத்தில் தன் பெயரையே எழுதுகிறார். மூன்றாவதில் சாய்கோட்டைக் கணினி ஏற்பதில்லை. முடிவில் ஒரே மாணவி மூன்று ஆவணங்களில் மூன்று பேராகத் தோன்றுகிறார்.

இத்துடன் எழுத்துப்பெயர்ப்புச் சிக்கலும் சேர்கிறது. இலட்சுமி என்னும் பெயர் இந்நாட்டு ஆவணங்களில் பல உரோமன் வடிவங்களில் வழங்குகிறது. ழகரத்தை எழுதுவதற்கும் வகரத்தை எழுதுவதற்கும் ஒரே முறை இல்லை. அன்றைய எழுத்தர் தாம் கேட்டவாறு எழுதினார். பெற்றோர் அதைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை. அந்த ஓரெழுத்து வேறுபாடு இருபது ஆண்டு கழித்துத் தூதரக மேசையில் கேள்வியாக எழுகிறது.

இதற்கு நாம் கூறும் வழி எளியது. நான்காம் படிவத்திலேயே பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. வேறுபாடு இருப்பின் தேசியப் பதிவுத் துறையை அணுகுக. தேவையெனில் இரு வடிவமும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாணம் செய்து வைத்துக்கொள்க. கடப்பிதழில் உள்ள வடிவத்தையே எல்லாப் பாரங்களிலும் எழுதுக. பிறப்புப் பதிவோ குடியுரிமையோ தீராத பிள்ளைகளும் நம் வட்டாரத்தில் இருக்கக்கூடும். அவர்க்கு இது கடப்பிதழ் பெறும் நாளில் தெரியவருவதைவிட, பள்ளிக்காலத்திலேயே தெரியவருதல் நன்று. இவ்வொப்பீட்டிற்கு ஒரு மாலைப் பொழுது போதும். எந்த ஆசிரியரும் செய்து கொடுக்கலாம்.

4. தன்னைக் கூறல்

இனி விண்ணப்பத்தின் நடுக்கூறாகிய தன்விளக்கக் கட்டுரைக்கு வருவோம். யூகாஸ் அமைப்பு, 2026 சேர்க்கை முதல் இக்கட்டுரையை மூன்று வினாக்களாகப் பிரித்துள்ளது: இப்படிப்பை ஏன் விரும்புகிறீர்? உம் கல்வி உம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது? கல்விக்கு வெளியே வேறென்ன செய்தீர்? மொத்தம் 4000 எழுத்துகளே இடம்.

இவ்விடத்தில் நம் மாணவர் தயங்குகின்றனர். தன்னைத் தானே புகழ்தல் பண்பன்று என்று நாம்தான் கற்பித்திருக்கிறோம். அவையடக்கம் நம் இலக்கிய மரபு. ஆயின் அம்மரபின் மறுபாதியை நாம் கற்பிக்கவில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளத் தகும் நான்கு இடங்களை வகுத்துள்ளார்: அரசவைக்கு எழுதி விடுக்கும்போது, தம் ஆற்றலை அறியாதாரிடத்து, அவையில் வாதிட்டு வெல்லும்போது, பிறர் தம்மைப் பழித்தபோது. பல்கலைக்கழக விண்ணப்பம் முதலிரண்டு இடங்களும் ஒருங்கே அமைந்தது. நம்மை அறியாதார்க்கு, முடிவெடுக்கும் அவைக்கு எழுதுகிறோம். அங்கு உண்மையான ஆற்றலைச் சொல்லாமை அடக்கமாகாது. கேட்டதற்கு விடை தராமையே ஆகும்.

எவ்வாறு சொல்வது? சூழலியல் பயில விரும்பும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'சிறுவயது முதல் எனக்கு இயற்கையின்மீது அளவற்ற ஆர்வம்' என்று எழுதினால் அது எவர்க்கும் பொருந்தும். ஆகவே எவரையும் காட்டாது. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாய் ஒளிர்வதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அவ்வாற்றருகே வளர்ந்த மாணவி, எந்த மரத்தில் அவை மிகுந்தன, கரை மரங்கள் வெட்டப்பட்டபின் எங்குக் குறைந்தன என்று ஓராண்டு குறித்து வைத்து, அதில் எழுந்த ஒரு வினாவை எழுதுவாராயின், தேர்வாளர் அங்கு ஓர் ஆய்வு மனத்தைக் காண்பார். தோட்டப்புற வாழ்வு மறைக்க வேண்டிய குறையன்று; இரக்கம் வேண்டிக் காட்டும் புண்ணும் அன்று. அது அறிவின் மூலப்பொருள்.

ஒன்று உறுதியாய்ச் சொல்வோம். முகவரோ கணினியோ எழுதித் தரும் கட்டுரையை அனுப்புதல் கூடாது. யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் ஒப்புமைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. நேர்காணலிலும் எழுத்துக்கு உரியவர் வெளிப்பட்டுவிடுவார்.

ஆசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதத்திற்கும் இவ்விதியே பொருந்தும். 'ஒழுக்கமும் கீழ்ப்படிதலும் மிக்கவர்' என்னும் தொடர் நம்மிடையே உயர்ந்த பாராட்டு. அயல்நாட்டுத் தேர்வாளர்க்கு அது ஒன்றும் சொல்வதில்லை. அம்மாணவர் கேட்ட ஒரு கேள்வி, தானே திருத்திக்கொண்ட ஒரு பிழை, வகுப்பில் அவர் பெற்ற இடம் ஆகியவற்றை எழுதுக.

5. பொருளும் பிணையும்

செலவைப் பற்றி மறைக்காமற் பேசுதல் வேண்டும். தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதியாகிய பி.டி.பி.டி.என். உள்நாட்டுக் கல்விக்கே உரியது. பொதுச்சேவைத் துறையின் உதவிச்சம்பளம் மிகச் சிறந்த தேர்ச்சியாளர்க்கு உண்டு. அது பணிப்பிணையோடு வருவது. முதுகலைக்குச் செவனிங் போன்றவை உள்ளன. அதற்கு ஈராண்டுப் பணிப்பட்டறிவு வேண்டும். ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் கல்விக்கு எடுக்கலாம். ஆனால் அது ஒரு தொழிலாளியின் முதுமைக்கான சோறு. அதைத் தொடுமுன், கட்டணம் மட்டுமன்றித் தங்குமிடம், காப்புறுதி, விசா, பயணம், நாணய மாற்றின் ஏற்றம் அனைத்தையும் படிப்பு முடியும் ஆண்டு வரை ஒரு தாளில் எழுதிக் கூட்டுதல் வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் பணம் திரட்டிப் புறப்படுதல் நம்பிக்கையன்று. அது பாதியில் திரும்பும் வழி.

பட்டத்தின் ஏற்பையும் புறப்படுமுன்னரே உறுதிசெய்க. மருத்துவத்திற்கு 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசிய மருத்துவ மன்றம், சட்டத்திற்குச் சட்டத்தொழில் தகுதி வாரியம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம் என ஒவ்வொரு தொழிற்கும் உரிய அமைப்பு உண்டு. முகவரின் வாய்மொழி இவற்றின் பட்டியலுக்கு ஈடாகாது. முகவர் பலர்க்குத் தரகுத்தொகை கொடுப்பது பல்கலைக்கழகமே என்பதை மறத்தல் ஆகாது. அரசுப் பணிக்குத் திரும்ப எண்ணுவோர் எஸ்.பி.எம். மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சியின்றி இருத்தலும் ஆகாது.

6. நிறைவு

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. நான்காம் படிவ மாணவர் அனைவரின் ஆவணப் பெயர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தன்விளக்கக் கட்டுரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பாடமாகவே எழுதச் செய்யுங்கள். முன்னர்ச் சென்று கற்றுத் திரும்பியவரைப் பள்ளிக்கு அழைத்துச் செலவுக் கணக்கையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. வெளிநாடு செல்வதே வெற்றியன்று. பெஸ்தாரி ஜெயாவிலும் புஞ்சாக் ஆலாமிலும் பல்கலைக்கழக வளாகங்கள் நம் மாவட்டத்திலேயே உள்ளன. உமக்கு உரிய படிப்பு எங்குள்ளதோ அங்குச் செல்க. அது கடலுக்கு அப்பால் இருப்பின், தோட்டப்புறத்தில் பிறந்தோம் என்பதற்காகத் தயங்கற்க. பாரம் என்னும் சொல் நம் வழக்கில் விண்ணப்பத்தாளையும் குறிக்கும், சுமையையும் குறிக்கும். உரிய காலத்தில், உரிய சொல்லில், உண்மையாய் நிரப்பினால் அது தாளாகவே இருக்கும்.